குளத்துக்குப் போகிறோம் என்றார்கள்

மீனு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்கூடம் முடிந்து நான் வீடு திரும்பியபோது கூடத்தில் இன்னும் வெயில் கிடந்தது. செருப்பைக் கழற்றும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. டிவி ஓடவில்லை. நான் மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டாலே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறவள் அன்று வரவில்லை.

குனிந்து பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். ஒரு கன்னம் மட்டும் உப்பியிருந்தது. கவுனின் முன்பக்கம் ஈரம். அந்த ஈரத்தில் கொஞ்சம் பொரி ஒட்டிக்கொண்டிருந்தது. கிட்டே போனதும் கிராம்பு வாசனை அடித்தது. சமையலறைக் கிராம்பு இல்லை. பல் டாக்டர் கிளினிக்குகளில் மட்டும் அடிக்கும் மருந்துக் கிராம்பு.

"ஒண்ணுமில்லைம்மா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடுத்து. குழந்தை சமத்தா இருந்தா" என்றார் என் மாமனார், சாய்வு நாற்காலியிலிருந்து. என் கணவர் சேகர் பால்கனியில் போனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். போனின் மறுமுனையில் யாரும் இல்லை என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் மேஜைக்கு அடியில் கையை நீட்டினேன். மீனு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். பிறகு, வாயில் பஞ்சோடு, குழறிக் குழறிச் சொன்னாள்.

"நீதான் கூட்டிண்டு போகச் சொன்னியாமே."

இந்த வாரப் பத்திரிகைத் தொடரில் என் மாமனாரைப் பற்றி இதுவரை நல்லதாகவே எழுதிவந்திருக்கிறேன். அவரும் வாரம் தவறாமல் வாங்கிப் படித்து, கீழ்வீட்டுக்காரருக்கும் காட்டிவிட்டு வருகிறார். இந்த வாரம் காட்டமாட்டார்.

சனிக்கிழமை போவதாக இருந்தது

மீனுவுக்கு அப்போது ஐந்து வயது. யு.கே.ஜி. கடைவாயில் ஒரு பால் பல் சொத்தையாகி, சாப்பிடும்போதெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொள்வாள். நான் அடையாறில் ஒரு பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி, திருவான்மியூரில் ஒரு டாக்டரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க மீனுவுக்குத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவந்தேன். பல்லில் ஓட்டை விழுந்திருக்கிறது. டாக்டர் பார்ப்பார். ஒரு மிஷின் சத்தம் போடும். ஊசி உண்டு. வலிக்கும், ஆனால் கொஞ்ச நேரம்தான்.

ஊசி என்றதும் அழுதாள். மறுநாள் ஊசி எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். அதற்கடுத்த நாள் தாத்தாவின் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு வாயை ஆவென்று திறந்து வைத்துப் பழகிப் பார்த்தாள். ஒரு குழந்தை தானாக ஒரு பயத்தைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்லி முடியாது.

மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. பச்சைக் குழந்தையை உட்காரவைத்து ஊசி, வலி என்று யாராவது பேசுவார்களா என்று கேட்டார். விழப்போகிற பல்லுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, கண்ணை மூடிக் கண்ணைத் திறப்பதற்குள் முடித்துக்கொண்டு வந்துவிடலாமே என்றார். சேகர் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

வியாழக்கிழமை சேகர் அரைநாள் லீவு போட்டார். பெருங்குடியில் ஐ.டி. வேலை. மகள் பிறந்தநாளுக்குக் கூட லீவு கிடைக்காத மனிதருக்கு அன்றைக்குக் கிடைத்தது.

இதோ பார் மீன்

நடந்ததை எல்லாம் பிறகு சேகர் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கித்தான் தெரிந்துகொண்டேன்.

கோயில் குளத்தில் மீனுக்குப் பொரி போடப் போகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மீனுவுக்கு உலகத்திலேயே பிடித்த காரியம் அதுதான். படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பொரியாகப் போடுவாள். எல்லா மீனுக்கும் கிடைத்ததா என்று எட்டி எட்டிப் பார்ப்பாள். அன்று அவளே தேர்ந்தெடுத்து மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டாளாம். பொய் பொருத்தமாக இருக்கட்டும் என்று மாட வீதியில் ஆட்டோவை நிறுத்திப் பொரியும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆட்டோ குளத்தைத் தாண்டிப் போயிற்று. "தாத்தா, குளம் போயிடுத்து" என்றிருக்கிறாள். இங்கே கூட்டம், வேறு குளத்துக்குப் போகிறோம் என்றிருக்கிறார் தாத்தா. ஆட்டோ போனது தி.நகருக்கு; அங்கே ஏது குளம் என்று கேட்க அந்த வயதில் அவளுக்குத் தெரியாது.

பட்டுப் புடவைக் கடைக்கு மேல்மாடியில் கிளினிக். மாமனாரோடு காலையில் நடக்க வருகிறவரின் பிள்ளை நடத்துவது. சுவரெல்லாம் யானையும் முயலும். வரவேற்பறையில் ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் நாலைந்து மீன். மாமனார் அதைக் காட்டி, "இதோ பார் மீன்" என்றாராம்.

அவள் நம்பியிருக்கிறாள். எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இந்த இடத்தில்தான். பொட்டலத்தைப் பிரித்து, தொட்டிக்குள் பொரியைப் போட்டிருக்கிறாள். வரவேற்பில் இருந்த பெண் அதட்டியிருக்கிறாள். அந்த அதட்டலோடு அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நாற்காலியில் படுக்கவைத்ததும் மீனு வீறிட்டிருக்கிறாள். உதவிக்கு இருந்த இரண்டு பெண்கள் கையைப் பிடிக்க, சேகர் காலைப் பிடித்துக்கொண்டார். தாத்தா வெளியே பேப்பர் படித்தார். டாக்டரின் விரலைக் கடித்துவிட்டாளாம். இப்படிக் கத்தினால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

அப்போதுதான் சேகருக்கு அந்த யோசனை வந்தது. "அம்மாதான் கூட்டிண்டு போகச் சொன்னா. நீ கத்தினா அம்மாவுக்குக் கோவம் வந்துடும்."

"அதுக்கப்பறம் ஒரு சத்தம் இல்லை தெரியுமா" என்றார் என்னிடம், கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்காட்டுகிற குரலில்.

சத்தம் எப்படி வரும். கூப்பிட்டு அழ ஒரு ஆள் இருக்கிறவரைதான் குழந்தைக்கு அழுகை வரும். அந்த ஆளையும் எதிராளி பக்கம் நிறுத்திவிட்டால் அது வாயை மூடிக்கொள்ளத்தான் செய்யும்.

காக்கா எங்கே?

நம் வீடுகளில் குழந்தையிடம் சொல்லும் பொய்யை யாரும் பொய் என்றே எண்ணுவதில்லை. அதற்குச் சமாளிப்பு என்று பெயர். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் ஒளித்து ஊட்டுவோம். பள்ளிக்கூட வாசலில் 'அம்மா இங்கேயே நிக்கறேன்' என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவோம்.

காது குத்துவதைப் பாருங்கள். மாமன் மடியில் குழந்தை. தலையில் பூ, கையில் வாழைப்பழம். சுற்றிலும் அதற்குத் தெரிந்த, பிடித்த முகங்கள். "அதோ பார் காக்கா" என்று எல்லோரும் சேர்ந்து கையை நீட்டுவார்கள். குழந்தை திரும்பும். ஊசி இறங்கும். நான் பார்த்த எந்தக் காது குத்திலும் அங்கே காக்கா இருந்ததில்லை. குழந்தை அலறும்போது நாம் சிரித்துக்கொண்டே போட்டோ எடுப்போம்.

இன்னொரு கூத்து. 'சாப்பிடலைன்னா டாக்டர் மாமா ஊசி போட்டுடுவார்' என்று வருஷக்கணக்காகப் பயமுறுத்துகிற அதே வாய்தான், டாக்டர் வீட்டு வாசலில் 'மாமா ரொம்ப நல்லவர், ஊசியே போடமாட்டார்' என்கிறது.

எனக்கும் இது நடந்திருக்கிறது. நான் மூன்றாவதோ நாலாவதோ படிக்கும்போது அப்பா ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்று லஸ் பக்கம் அழைத்துப் போனார். போன இடத்தில் ஒரு டாக்டர் என் பல்லைப் பிடுங்கினார். அதன் பிறகு, ரத்தம் நிற்க என்று, ஐஸ்கிரீமும் கிடைத்தது. வெனிலா. ரத்தத்தோடு சேர்த்து விழுங்கினேன். அப்பா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டதாகவே கடைசிவரை நினைத்தார்.

அன்றிலிருந்து, மீனுவுக்கு இது நடக்கும்வரை, நான் பல் டாக்டர் வாசலை மிதித்ததில்லை. வலது கடைவாயில் ஒரு பல் வருஷக்கணக்காக உயிரை வாங்கியது. உப்புத் தண்ணீர் கொப்பளிப்பேன், கிராம்பு கடிப்பேன், இடது பக்கமே மெல்லுவேன். அமிலம் பல்லை எப்படி அரிக்கிறது என்று வகுப்பில் கரும்பலகையில் போட்டு விளக்குகிறவள்.

மூடிய வாய்

மறுநாள் காலை பிரஷ்ஷைப் பார்த்ததும் மீனு வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் திறக்கவில்லை. சனிக்கிழமைக்கு வாங்கியிருந்த நேரமும் அப்படியே போயிற்று. தயிர்சாதத்தை மட்டும் தானே அள்ளி, கையால் வாயை மறைத்துக்கொண்டு சாப்பிடுவாள். வீட்டில் யாராவது செருப்பை மாட்டினால் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். அப்பாவிடம் பேசுவதில்லை. என்னிடம் பேசினாள், ஆனால் முகத்தைப் பார்த்து இல்லை.

நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியவே தெரியாது என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொள்வாள். ஆனால் அவளுக்கு அதுவும் 'இதோ பார் மீன்' மாதிரிதானே. யார் சொல்வது பொய், யார் சொல்வது நிஜம் என்று அந்தக் குழந்தை எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

அந்தப் பல்லில் வேலை பாதிதான் முடிந்திருந்தது. உள்ளே தோண்டி மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்திருந்தார்கள். மறுபடி போய் முடித்தாக வேண்டும். அதற்குள் அடைப்பு விழுந்துவிட்டது. ஈறில் கொப்புளம் வந்து, ஜுரமும் வந்தது. இப்படியே விட்டால் சீழ் இறங்கி, அடியில் முளைத்துக்கொண்டிருக்கும் பல்லையும் கெடுத்துவிடும் என்று திருவான்மியூர் டாக்டர் போனில் சொன்னார். உடனே அழைத்து வரச் சொன்னார்.

மாமனார் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். "மத்தியானம் தூங்கறப்போ அப்படியே தூக்கிண்டு போயிடலாம். முழிச்சுக்கறதுக்குள்ள நாற்காலில இருப்பா."

இனிமேல் என் பேரைச் சொல்லி அவளை எங்கேயாவது அழைத்துப் போனால் நான் இந்த வீட்டில் இருக்கமாட்டேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நாங்கள்லாம் இப்படித்தானே வளந்தோம். கெட்டா போயிட்டோம்?" என்றார்.

"டாக்டருக்குப் பயந்துண்டு அத்தனை பல்லையும் விட்டுட்டு, பல் செட்டை டப்பாவில போட்டு வெச்சிண்டிருக்கேளே. அதான் கெட்டுப் போனது."

சேகர் நடுவில் வந்தார். பெரியவரிடம் இப்படியா பேசுவது என்றார். குழந்தையிடம் அப்படிப் பேசலாமா என்று கேட்டேன். நம் வீடுகளில் மரியாதை மேல்நோக்கி மட்டும்தான் போகும்.

ஊசி போடுவாங்க, அண்ணா

மீனுவிடம் போய்த் தரையில் உட்கார்ந்தேன். திருவான்மியூர் போகிறோம், பல் டாக்டரிடம், ஊசி உண்டு என்றேன். குளம் இல்லை, பொரி இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை என்றேன்.

அப்பா வரக்கூடாது என்றாள். தாத்தாவும் வரக்கூடாது. சரி என்றேன். பிறகும் வாசல் கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இழுக்கவில்லை. கீழே ஆட்டோ காத்திருந்தது. அவளாகக் கையை எடுக்கும்வரை நானும் பக்கத்திலேயே நின்றேன்.

ஆட்டோக்காரர் நல்ல மனிதர்தான். மந்தைவெளி தாண்டும்போது கண்ணாடியில் குழந்தையின் வீங்கிய முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார்.

"இன்னா பாப்பா, எங்க போய்க்கினு கீறீங்க? பல்லு டாக்டராண்டயா? அதுக்கா இப்டி உம்முனு கீற? ஊசிலாம் போடவே மாட்டாங்கோ. சாக்லேட்டு குட்த்து அனுப்சிடுவாங்கோ."

இந்த ஊரில் ஒரு குழந்தை பல் டாக்டரிடம் போகிறதென்றால் போகிற வழியில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு பொய் தானம் செய்வார்கள் போலிருக்கிறது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை.

"ஊசி போடுவாங்க, அண்ணா. வலிக்கும். அவகிட்ட பொய் சொல்லாதீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா நீ, பெத்த தாயே கொயந்தய பயமுறுத்திக்கினு கீற" என்று முணுமுணுத்தார். அடையாறு பாலம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

நான் மீனுவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, நேராக, முகத்தை.

நீ மொதல்ல

திருவான்மியூர் டாக்டரைப் பற்றி விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். சிரிக்கிற ஆளும் இல்லை. வரச் சொன்ன நேரத்துக்குப் போயும் வெகுநேரம் காக்கவைத்தார். அந்தக் கோபமும் எனக்கு இருந்தது.

உள்ளே போனதும் மீனு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீ மொதல்ல" என்றாள்.

ஏறி வாயைத் திறந்து காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்று ஏறினேன். விளக்கு முகத்தில் விழுந்தது. சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்த டாக்டர், பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கடைவாயில் லேசாகத் தட்டினார். வலி உச்சந்தலை வரை போனது.

"இதை எப்படிங்க இத்தனை நாள் வச்சிருந்தீங்க? காப்பாத்த முடியாது, எடுத்துடணும்" என்றார். இன்றைக்கே எடுக்கலாம் என்றும் சொன்னார்.

அடுத்த வாரம் வருகிறேன், இன்றைக்குச் சும்மா பார்க்கத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது மீனு நாற்காலியின் கைப்பிடி அருகில் வந்துவிட்டிருந்தாள்.

"சும்மா பாக்கறாளா, எடுக்கறாளா?" என்று கேட்டாள். டாக்டரை இல்லை. என்னை.

"எடுக்கறா" என்றேன்.

டாக்டர் குப்பியிலிருந்து மருந்தை ஊசியில் ஏற்றினார். நாற்பதை நெருங்குகிற பெண்பிள்ளை, இறங்கி ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தேன். குழந்தை கொஞ்ச நேரம் வெளியில் உட்காரட்டுமே என்று டாக்டர் ஆரம்பித்தார். மீனு அவர் பக்கம் திரும்பவே இல்லை. என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கும்மா" என்றாள். "நான் வெளில போமாட்டேன்."

நான் அழுதுவிட்டேன். ஊசி இன்னும் இறங்கக்கூட இல்லை.

என் பல் ரத்தத்தோடு கிண்ணத்தில் விழுந்ததை அவள் எட்டிப் பார்த்தாள். பிறகு நான் இறங்கியதும் தானே ஏறிப் படுத்தாள். கத்தினாள், கதறினாள், நடுவில் கையைத் தூக்கினாள். தூக்கியபோதெல்லாம் டாக்டர் நிறுத்தினார். யாரும் அவள் காலைப் பிடிக்கவில்லை. வாயில் பஞ்சோடு நான் பக்கத்திலேயே நின்றேன். இன்னொரு நாள் போய்ப் பல்லுக்கு வெள்ளி நிறத்தில் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வந்தோம்.

சேகர் பிறகு மன்னிப்புக் கேட்டார், என்னிடம். மகளிடம் கேளுங்கள் என்றேன். "அஞ்சு வயசுக் குழந்தைகிட்ட போய் என்னத்தைக் கேக்கறது" என்றார். இன்றுவரை கேட்கவில்லை.

விழுந்த பல்

மீனு இப்போது நாலாம் வகுப்பு. சமீபத்தில் அந்தப் பல், தொப்பியோடு சேர்த்து, தானாக விழுந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கக் காட்டினாள்.

மாமனாருக்கு ஒரே சந்தோஷம். "விழப்போற பல்லுன்னு அன்னிக்கே சொன்னேனா இல்லையா" என்றார் என்னைப் பார்த்து. அப்புறம், இதைக் கொண்டாட வேண்டாமா, குளத்துக்குப் போய் மீனுக்குப் பொரி போட்டுவிட்டு வருவோம் என்று பேத்தியைக் கூப்பிட்டார். அவரே கீழே இறங்கிப் போய்ப் பொரியும் வாங்கி வந்துவிட்டார். அவருக்கு அதெல்லாம் எப்போதோ மறந்து போயிருந்தது. நிஜமாகவே குளத்துக்குத்தான் புறப்பட்டிருந்தார்.

மீனு செருப்பை மாட்டிக்கொண்டாள். மாட்டியவள் நேரே சமையலறைக்கு வந்தாள். எங்கே புறப்பட்டாலும் இப்படித்தான், கல்யாணத்துக்கானாலும் கடைக்கானாலும், முதலில் என்னிடம் வந்து என் முகத்தைப் பார்த்து நிற்பாள்.

"அம்மா, நிஜமா குளத்துக்குத்தானே?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் மாமனார் பொரிப் பொட்டலத்தோடு சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார்.